வைத்திருப்பதற்கான காரணம்

ஓடென்சேயில் மதியம் ஒரு மணி. ஜன்னலில் ஆலங்கட்டி.
ரெசிஃபேயில் ஜுசாராவுக்கு அப்போதுதான் காலைக் காப்பி.
நைரோபியில் நெகேசா மைக்கை அணைத்துவிட்டு
திரைக்கு வெளியே யாரையோ அதட்டுகிறாள்.
பூசானில் குவாக் வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

நாங்கள் செய்வது காது கேட்கும் கருவி.
மொச்சைக்கொட்டை அளவு.
எத்தனை மணி நேரம் அணிந்தார்கள்,
அறையில் எவ்வளவு சத்தம்,
குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது.
கேட்காதவர்களுக்காக அது கேட்கும்.
கேட்டதை எங்களிடம் வந்து சொல்லும்.

'வார்த்தைகளைச் சேமிப்பதில்லை' என்று
பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறோம், இருபத்தாறு மொழிகளில்.
பொய்யில்லை.
ஆனால் வெறும் எண்களை வைத்தே என்னால் சொல்லிவிட முடியும்:
இந்த வீட்டில் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகிறார்கள்,
இந்த வீட்டில் சனி இரவு சண்டை,
இந்த வீட்டில் பேச ஆளில்லை.

பகலில் பக்கம் பார்த்துப் பேச வேண்டும்.
பக்கம் பார்க்கலாம்,
காதுக்குள் எப்படிப் பார்ப்பது?

அட்டவணையைத் திறந்தேன்.
யெப்பே சட்டம் படித்தவன். "இருப்பதிலேயே கடுமையான விதி எதுவோ
அதை எல்லா நாட்டுக்கும் போட்டுவிடுவோம்."
குவாக் சிரித்தார். "ஒரு நாடு அழி என்பதை
இன்னொரு நாடு ஐந்து வருடம் வை என்கிறது. எது கடுமை?
எங்கள் ஊரில் வேறு கேள்வி கேட்பார்கள்:
இங்கே பிறந்த தகவல்
ராத்திரி எந்த ஊரில் போய்ப் படுக்கிறது?"
நெகேசா மைக்கைத் திறந்தாள்.
"சம்மதம், சம்மதம் என்கிறீர்களே,
ஒரு கைபேசியை நாலு பேர் வைத்திருக்கும் வீட்டில்
'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியது யார் விரல்?"
கொஞ்ச நேரம் ஆலங்கட்டிச் சத்தம் மட்டும்.
குறிப்பேட்டில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அட்டவணையின் கடைசிக் கட்டம்: வைத்திருப்பதற்கான காரணம்.
பாதி வரிகளில் 'பின்னால் உதவும்' என்றிருந்தது,
பழைய செருப்புப் பெட்டிகளுக்குச் சொல்கிற காரணம்.
எல்லாவற்றையும் அடித்து
தொண்ணூறு நாள் என்று திருத்தினேன்.
அது ஏப்ரலில்.

அக்டோபரில் ஜுசாரா ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள்.
நீல மை. சுல்மிரா என்று கையெழுத்து.
"என் கணவர் ஜூனில் இறந்தார்.
கடைசி இரவு நான் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.
கருவி அவர் காதில் இருந்தது.
அவரோடு யாராவது பேசினார்களா என்று
அதற்குத் தெரியுமாமே."

தேடினேன். இல்லை.
செப்டம்பரில் அழிந்திருந்தது, ஒழுங்காக, சொன்ன நாளில்.
யெப்பே கைகுலுக்கினான்:
கொடுக்க ஒன்றுமில்லை என்பதைவிடப் பாதுகாப்பான பதில் கிடையாது.

வியாழக்கிழமை விற்பனைப் பிரிவு டோர்பென் வந்தான்,
மடிக்கணினியைக் காய்ச்சல் கண்ட பிள்ளைபோல் ஏந்திக்கொண்டு.
ஜூலையில் ஏதோ வரைபடத்துக்காக இறக்கினானாம், மறந்துவிட்டானாம்.
கோப்பின் பெயர் 'பிரேசில் கடைசி இதுதான் கடைசி'.
ஆறாயிரம் காதுகள்.

எழுபத்திரண்டு மணி நேரம் எனக்கு, மேலே தெரிவிக்க.
முதல் மணியிலேயே எழுதிவிட்டேன்.
எங்களை நாங்களே காட்டிக்கொடுக்கும் படிவம்
அப்படியொன்றும் நீளமில்லை.
கோப்பை அழிப்பதற்கு முன்
ஒரே ஒரு வரியைத் தேடினேன்.
எனக்கு உரிமை இருந்ததா? யெப்பேயிடம் கேட்கவில்லை.

அதிகாலை நாலு பத்து. இடப்பக்கம். மிக அருகில்.
முப்பத்தொரு டெசிபெல்,
மூச்சை அடக்கிக்கொண்டு சொல்லும் ரகசியத்தின் எடை.
பதினோரு விநாடி.

இரவில் அதுவும் பேசாதே என்பது பழமொழியின் மீதி.
யாரோ பேசியிருக்கிறார்கள்.
நர்ஸா, மகனா, தூக்கத்திலிருந்து எழுந்து
பேசியதையே மறந்துபோன சுல்மிராதானா,
தெரியாது. என்ன சொன்னார்கள், தெரியாது.
அந்தக் கட்டத்தை நாங்கள் வரையவே இல்லை,
நல்லவேளை.

இரண்டு பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன்.
ஒன்றில் 'வருந்துகிறோம்'.
ஒன்றில் பதினோரு விநாடி.

ஆறாயிரத்தில் ஒன்று போக மற்றதெல்லாம் அழிந்தது.
அந்த ஒரு வரிக்கு மட்டும், காரணம் என்ற கட்டத்தில்,
'மனைவி கேட்டார்' என்று நிரப்பினேன்.
யெப்பே இன்னும் பார்க்கவில்லை.