ஜெனீவா நேரப்படி

சத்துவாச்சாரி பேஸ் டூவில் கரண்ட் போய்
நாற்பது நிமிடம்.
மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்,
இணையம் கைபேசியிலிருந்து.
ஏழாம் பக்கம் கேட்கிறது:
நெருக்கடியில் நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றை
அதன் விளைவோடு விவரிக்கவும்.
இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.

பதவி: அவசரகால நடவடிக்கைகளின் இயக்குநர்.
இடம்: நைரோபி, அல்லது தேவைப்படும் இடம்.
என் நாற்பத்தேழு வயதில்
இந்தத் தேவைப்படும் இடத்தைத் தவிர
வேறெங்கும் வேலை பார்த்ததாக நினைவில்லை.

நிர்வகித்த தொகையை டாலரில் கேட்டார்கள்.
அறுநூறு பன் பொட்டலம், நாற்பது தார்ப்பாய்,
கடனாக வந்த மூன்று மூட்டை பொன்னி,
கல்யாண மண்டபத்துக்காரர் கடைசிவரை
பில் போடாத ஜெனரேட்டர் டீசல்.
கூட்டினேன், வகுத்தேன்.
அந்தப் பதவிக்கு
இரண்டு நாள் பயணப்படி வந்தது.

பரிந்துரைப்போர் மூவர் வேண்டும்.
டெல்லியில் ஒருவர். டாக்காவில் ஒருவர்.
மூன்றாவதாக நூருன்னிசா என்று அடித்தேன்.
பேரணாம்பட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைப்பவள்.
யாரும் கூப்பிடாமல் முகாம் அடுப்படிக்குள் நுழைந்து
ராத்திரி இரண்டு மணிக்கு என் பட்டியலைத் தூக்கிப் பிடித்து
"எப்சிபா மேடம், குழந்தைங்கள அரை ஆளாப் போட்டிருக்கீங்க,
அதுங்கதான் ரெண்டாள் சோறு திங்குது" என்று கத்தியவள்.
மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்று
பெட்டி சிவந்தது.
அழித்தேன்.

நேற்று காந்தி ரோட்டில்
வங்காளி எழுத்துப் பலகை தொங்கும் கடையில்
சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய நின்றேன்.
பின்னால் மால்டாவிலிருந்து வந்த ஒருவர்,
பயாப்ஸி உறையை நெஞ்சோடு அணைத்தபடி.
கடைப்பையன் என்னைக் கேட்டான்:
"வேலைக்கா, வைத்தியத்துக்கா?"
வேலைக்கு என்றேன்.
"அப்ப அவரு முதல்ல."
நான் நான்கு நாடுகளில் நடத்திய பயிற்சி இதுதான்,
மூன்று நாள் வகுப்பு, மதியச் சாப்பாட்டோடு.

சரி. முடிவு.

பொன்னையாறும் பாலாறும் ஒரே ராத்திரியில் கரைமீறின.
திருவலம் பக்கமிருந்து இரண்டு அழைப்பு.
என்னிடம் ஒரு படகு.
செங்கல் சூளை மேட்டில் பதினொரு பேர்.
வேலங்காட்டுக்கு அப்பால் ஒரு வீட்டில் நிறைமாதக்காரி.
பச்சையப்பன் துடுப்பை ஊன்றி என் முகத்தைப் பார்த்தான்,
டார்ச் வெளிச்சத்தில் என் முகத்தில் என்ன இருந்ததோ.
சூளை என்றேன்.
விளைவு: பதினொரு உயிர்.
எழுதிவிட்டேன்.
இருநூற்றுப் பத்தொன்பது சொல். மிச்சம் முப்பத்தொன்று.

அவளும் பிழைத்தாள், விடியும்வரை மாடிப்படியில்.
வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை.
அவள் புருஷன்
காட்பாடி உழவர் சந்தையில் தக்காளி விற்கிறான்.
எடை சரியாக நிற்கும்.
நசுங்கியதை அவனே பொறுக்கி ஒதுக்குவான்.
மீதிச் சில்லறையை மட்டும்
பலகையில் வைப்பான்.
அந்த மழைக்கு முன்பு
கையில்தான் தந்துகொண்டிருந்தான்.
நான் கடையை மாற்றவில்லை.
அதை ஒரு தகுதியாக எங்கே எழுதுவது?

பதினொன்று ஐம்பத்திரண்டு. ஏழு சதவீதம்.
சமர்ப்பிக்க விரல் போகையில்தான்
அடியில் பொடி எழுத்து கண்ணில் படுகிறது:
கடைசி நேரம் நள்ளிரவு, ஜெனீவா நேரப்படி.

இன்னும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.
அன்றைக்கு இது இருந்திருந்தால்
பச்சையப்பன் இரண்டு நடை போய் வந்திருப்பான்.

கரண்ட் வந்துவிட்டது.
எதிர்வீட்டு மோட்டார் உறுமுகிறது.
ஏழாம் பக்கத்துக்குத் திரும்புகிறேன்.
தக்காளி என்று அடிக்கிறேன்.
முப்பது சொல் மிச்சம் என்கிறது பெட்டி.