கிளிமீன் விலை

தடைக்காலத்தின் அறுபத்தொரு நாளில்
மூன்றை அந்தமானுக்குக் கொடுத்தோம்.
சீட்டுப் பணம்.
விமான ஜன்னலில் குனிந்து தேசப்பன் சொன்னான்:
"இம்மாந் தண்ணியிலயா
இத்தினி நாளா டீசல் ஊத்துனேன்?"

காட்டில் வானம் நிறுத்திய பிறகும்
இலைகள் பெய்துகொண்டிருந்தன.
ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து
எத்தனை போட்டுக்கு ஆகும் என்று அளந்தான்.
அட்டை கடித்தது என்னைத்தான்.

வெள்ளை மணல். கண்ணாடிச் சில்லில்லை, சாம்பலில்லை.
ஆனாலும் செருப்பைக் கழற்ற மனம் வரவில்லை;
எண்ணூர்க் கால்.

கடைசி நாள் கண்ணாடி மாட்டி
முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தோம்.
பவளப்பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது
ஒரு கிளிமீன்.
கரக் கரக் என்று கேட்டது.
இருபத்தாறு வருஷமாய் மீன் விற்கிறேன்,
மீன் தின்று பார்த்ததில்லை.

இன்று காசிமேடு, விடிகாலை மூன்றரை.
ஐஸ், டார்ச், ஏலக் கூச்சல்.
என் கூடையில் அதே பச்சை,
கொஞ்சம் மங்கல்.
உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தேன்.
இடுக்கில் வெள்ளைத் தூள்.

"எவ்ளோக்கா கிலோ?"

ஐந்நூறு என்றேன்.
தடைக்கு முன்னால் முந்நூறுதான்.
சிரித்துக்கொண்டே
வஞ்சிரம் பக்கம் நகர்ந்தாள் அந்தம்மா.

போகட்டும்.