கதவு அறையும் நேரம்

பகலெல்லாம் கிரிம்ஸ்பிக்காரர்களின் வாய்க்குப்
பல் செய்கிறேன்.
இரவிலும் பல்தான்.
சக்கரத்தில் இருந்தால் பல்;
பினியனில் இருந்தால் அதற்கு
இலை என்று பெயர்.
எட்டு இலை வேண்டும்.
ஏழாவதில் எண்ணிக்கை தவறி
வீணான எஃகுத் துண்டுகளை
ஜாம் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்,
கணக்குக்கு.

அச்சுமுனை அரை மில்லிமீட்டர்.
லேத்தில் சுற்றும்போது
இருக்கிறதா என்றே தெரியாது,
விளக்கடியில் ஒரு மினுக்கல், அவ்வளவுதான்.
பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி
மறுபடி மெல்லச் சூடேற்றினால்
வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா,
அப்புறம் நீலம்.
நீலத்தில் நிறுத்தத் தெரிந்தது எனக்கு.
மெருகேற்றுவதை நிறுத்தத்தான் தெரியவில்லை.
இன்னும் ஒரு தடவை, ஒரே தடவை என்று
அழுத்தினேன்.

டிங்.

இரண்டு நாள் கழித்து
கம்பளிச் சட்டையின் கைமடிப்பில் குத்தியது.

வேரில் துளைபோட்டுக் கம்பி நட்டு
மேலே பல் வைப்பார்கள் அல்லவா,
அதே வேலை.
தண்டின் நுனியில் துளைபோட்டுப்
புது முனை நட்டேன்.
மரத்துப்போக ஊசி எதுவும் போடவில்லை.

முதல் இரவு ஓடியது.
மூன்று பத்துக்கு நின்றது.
அடுத்த இரவும் மூன்று பத்து.
பேய்தான் என்றான் வில்ஃப்,
மீன் இறக்கக் கிளம்பிக்கொண்டே,
வழக்கம்போல வாசற்கதவை
அறைந்து சாத்தியபடி.

கடிகாரம் மாட்டியிருப்பது
அந்தக் கதவுச் சுவரில்.

கழற்றிப் பார்த்தேன்.
இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவில்
தண்டு அசைய இடமே விடவில்லை நான்.
இறுக்கமாக உட்கார்ந்தால் நல்லது;
வாய்க்குள் அதுதான் சரி.
இங்கே இல்லை.
தோளில் ஒரு மயிரிழை சீவினேன்.
சட்டத்தைக் காதருகே வைத்துச் சாய்த்தால்
டிக் என்று ஒரு பக்கம் விழுகிறது தண்டு.
திருப்பினால்
டிக் என்று மறுபக்கம்.
சமையலறையில் நின்று
எத்தனை தடவை சாய்த்தேனோ.

இன்று மூன்று ஒன்பது.
இருட்டில் காலுறை தேடுகிறான்.
சாவி. இருமல்.
போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

அறைந்தான்.
அலமாரியில் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்தன.

ஓடுகிறது.

கதவைப் பற்றி அவனிடம் சொல்ல
இருபத்தாறு வருஷமாக
ஒரு வாக்கியம் தீட்டி வைத்திருந்தேன்.
அதுவும் ஜாம் போத்தலுக்குப் போகலாம்.

மூன்று பதினொன்று.