மூன்று நாள் பாதை

பேர்னிலிருந்து பிரேமளா அக்காவின் குரல்பதிவு,
ஒரு நிமிடம் பதினொரு செக்கன்:
"தம்பி, இஞ்ச அல்ப்ஸ் மலையில
வளைவுக்கு வளைவு நிண்டு பாக்க இடம் விட்டிருக்கினம்.
அதுமாதிரி வடிவான றூட் ஒண்டு போட்டுத் தாங்கோ.
ஏழு பேர். மூண்டு நாள். அவசரமில்லை."

வடிவான.
பதினாறு வருடமாக இந்த ரோட்டில் வான் ஓட்டுகிறேன்.
எனக்கு வடிவாகத் தெரிந்தது பிரேக் மட்டும்தான்.

லைட் பில்லின் முதுகில் எழுதத் தொடங்கினேன்.
கட்டுநாயக்க, அவிசாவளை, கித்துல்கலையில் சோறு.
கினிகத்தேனை ஏற்றம்: ரேடியேட்டர் பார்க்கவும்.
ஹற்றன்.
கொட்டகலை (எங்கள் வீட்டை எழுதவில்லை).
டெவன் நீர்வீழ்ச்சி: கிளச் மணந்தால் இங்கே ஆறவிடலாம்.
நானுஓயா: பனி இறங்கினால் மஞ்சள் லைட்.
ரதல்லை குறுக்கு வழி: யார் சொன்னாலும் வேண்டாம்.
வாசித்துப் பார்த்தேன்.
றூட் இல்லை இது,
வானுடைய கிளினிக் கொப்பி.

வெட்டினேன். வேறு பேனை எடுத்தேன், நீலம்.
அருவி என்று எழுதினேன். முகில் என்று எழுதினேன்.
பச்சைக் கம்பளம் என்று எழுதி
யாரும் பார்க்குமுன் கிறுக்கினேன்.

தவமலர் மலையிலிருந்து வந்தாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்,
அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்தாள்,
ஈரக்கையோடு பில்லைத் தூக்கினாள்.
"பொம்பளைங்க எத்தன பேரு?"
நாலு.
"ஒண்ணுக்கு எங்க நிப்பாட்டுவ?"

எந்த நிறப் பேனையாலும் அதை நான் எழுதவில்லை.
எனக்கு ஒரு வளைவு போதும்,
வானின் மறைவு போதும்.

"இந்தா, வியூ பொயின்ட்டுன்னு போட்டிருக்கியே,
அதுக்கு எதுத்தாப்புல தெரியுறது எங்க பதினோராம் நம்பர் மலை.
காலைலருந்து நாலு மணி வரைக்கும்
அங்கதான் நிக்கிறோம்.
அம்புட்டுப் பச்சையில ஒரு மறைப்பு கெடையாது."
உப்பு முடிந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள்.
தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனாள்.

பிரேமளா அக்காவுக்கு அனுப்பினேன்: றூட் திங்கட்கிழமை வரும்.

ஞாயிறு விடிய ஐந்து மணி, என் காசில் டீசல்.
முன் சீட்டில் தவமலர்,
மடியில் ரொட்டி, கட்டச் சம்பல், நீலப் பேனை.
தலவாக்கலை வரை அவளுக்குத் தெரிந்த ரோடு.
நானுஓயா தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள்.
நான் நிறுத்துவேன், அவள் இறங்குவாள், வந்து எழுதுவாள்:
உண்டு, ஐம்பது ரூபாய்.
உண்டு, கொண்டி இல்லை.
சீதையம்மன் கோயிலடி, சுத்தம்.
இல்லை.
இல்லை.
உண்டு, தண்ணி இல்லை, உள்ளே பெரிய பல்லி.
வெலிமடையில் கடைக்காரியிடம்
அவளுடைய அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
பின்கதவுச் சாவி கிடைத்தது.

ஹப்புத்தளைக்கு முன் ஒரு வளைவு.
கடை இல்லை, போர்டு இல்லை, மதில்கூட இல்லை.
"நிப்பாட்டு."
இங்கே ஒன்றுமில்லையே என்றேன்.
"நிப்பாட்டுங்கிறேன்ல."

பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது.
கீழே, கீழே, அதற்கும் கீழே
யாரும் கொழுந்து எடுக்காத சமவெளி,
அதன் கடைசியில் வெள்ளையாக ஒரு கோடு.
கடலா என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
இந்த வளைவில் ஆயிரம் தடவை திரும்பியிருப்பேன்,
எப்போதும் இரண்டாம் கியர்,
எப்போதும் கண்ணாடியில் பின்னால் வரும் லொறி.

ரொட்டி ஆறிப்போனது.
ஏறி உட்கார்ந்து, முழங்காலில் பில்லை வைத்து
அவளே எழுதினாள், அவளுடைய உருண்டை எழுத்தில்:

ஹப்புத்தளைக்கு முன் வளைவு. கக்கூஸ் இல்லை.
இருபது நிமிஷம் நிக்கணும்.

அதன் கீழ் நான் ஒரு வரி சேர்த்தேன்:
டயருக்குக் கல் வைக்கவும்.