ஈரத் தலை

கௌனாஸ் நகராட்சி நீச்சல் குளம்.
செவ்வாய் இரவு, எட்டரை மணி.
தொப்பி இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று
சுவரில் எழுதியிருக்கிறார்கள்.
இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

நாற்பத்தைந்து நிமிடம்
எல்லோருக்கும் ரப்பர் மண்டை.
நாலாவது தடத்தில் பாய்ந்து போகும்
மருத்துவக் கல்லூரிப் பையனுக்குத்
தோள் வரை முடி என்பது
உடை மாற்றும் அறையில்தான் தெரியும்.
தண்ணீருக்குள் அவனும் நானும்
ஒரே கடையில் வாங்கிய இரண்டு பந்துகள்.

முப்பத்தொன்றில் தொடங்கியது.
நெற்றி முதலில் இரண்டு மூலைகளிலும்
என்னைக் கேட்காமல் மனை வாங்கியது.
பிறகு உச்சியில் ஒரு சென்ட் நாணயம்.
அப்புறம் இரண்டு யூரோ.
இப்போது காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டு.

நானாக அதைப் பார்க்கவில்லை.
பால் வாங்க வரிசையில் நின்றபோது
கடையின் கண்காணிப்புத் திரையில்
ஒருவன் தெரிந்தான், மேலிருந்து.
பாவம், யாரோ, என்று நினைத்தேன்.
என் சட்டையைப் போட்டிருந்தான்.
நான் பாலை இடது கைக்கு மாற்றினேன்.
அவனும் மாற்றினான்.

அதற்குப் பின் இரண்டு வருடம் நுரை.
காலை ஒரு முறை, இரவு ஒரு முறை,
தலையணைமேல் பழைய துண்டு.
குளியலறைச் சல்லடையில் விழுந்ததை
எண்ணிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.
பிறகு தூள். உப்பு டப்பி போல ஒன்று,
மேலே ‘அடர் பழுப்பு’ என்று எழுதியிருக்கும்.
கண்ணாடி முன் நின்று
தூவத் தூவ வளரும் முடி.

தங்கை யுர்கிதாவின் கல்யாணத்தன்று
தேவாலய வாசலில் மழை பிடித்துக்கொண்டது.
மோதிரம் மாற்றும் நேரத்தில்
என் கன்னத்தில் பழுப்பாக ஓர் ஓடை.
அழுகிறேன் என்று நினைத்துப்
புகைப்படக்காரர் கிட்டே வந்து எடுத்தார்.
அவள் வீட்டு வரவேற்பறையில்
இன்னும் அது தொங்குகிறது.
பாசக்காரன் என்று பெயர் எனக்கு.

மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர் என்கிறார்கள்.
சரி, போய்விட்டது.
எந்த மலையை இழுத்தேன் என்பதுதான்
நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

இன்றைக்கு வெளியே மைனஸ் பதினேழு.
என் கம்பளித் தொப்பி
மின்பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து
தனியாக ஊர் சுற்றுகிறது.
நுழைவுச்சீட்டு மேசையில் தனுதே கத்தினாள்:
“ஈரத் தலையோடு கதவைத் திறக்காதே!”
எல்லோரிடமும் கத்துவாள்.
“காயவைக்க என்ன இருக்கிறது?” என்றேன்.
சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.
“தோல் இல்லையா?” என்றாள்
சில்லறையை எண்ணிக்கொண்டே.

சுவரில் ஐந்து உலர்த்திகள், மூன்று பழுது.
மூன்று வருடமாக
அவற்றின் பக்கம் நான் திரும்பியதில்லை.
ஒன்றின் கீழே ஏய்மந்தாஸ்,
லாரி ஓட்டுகிறவன்,
உரித்த முட்டை போல ஒரு தலை,
கண்களை மூடி, வாய் லேசாகத் திறந்து
சூட்டில் நின்றுகொண்டிருந்தான்.
இன்னொன்றின் கீழே நான் போய் நின்றேன்.

வெந்நீர் ஊற்றியது போல இறங்கியது காற்று.
நடுவில் தடுக்க எதுவும் இல்லை.
நெற்றி வழியாகக் காதுக்குப் பின்னால்,
பிடரியில், அங்கிருந்து
எங்கேயோ முழங்கால்வரை.
“அர்ஜென்டினாவில் இப்போது கோடை,” என்றான் அவன்
கண்ணைத் திறக்காமல்.
இரண்டாவது முறையும் பொத்தானை அழுத்தினோம்.
பின்னால் மருத்துவக் கல்லூரிப் பையன்
முடி நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்டக்
காத்திருந்தான்.
கொஞ்சம் திருப்தியாக இருந்தது. மறுக்கமாட்டேன்.

வெளியே விளக்குக் கம்பத்தின் கீழ்
என் உச்சியிலிருந்து ஆவி எழுந்தது.
பனித்தரையில் விழுந்த நிழலில் எனக்கு
அடர்த்தியாக, கலைந்து,
காற்றில் அலையும் ஏதோ ஒன்று இருந்தது.
வீட்டில் நுரைப் புட்டி பாதி இருக்கிறது.
தீரும்வரை போடுவேனா, இன்றே எறிவேனா,
தெரியாது.
பேருந்து நிறுத்தத்துக்கு இருநூற்றுப் பத்து அடி.
நூற்றைம்பதுவரை தாங்கியது
சூடு.