மீதி மூன்று

பழைய டீசல் எஞ்சினை கிரேன் தூக்கிய கணத்தில்
நான்கு விரல் உயர்ந்தது படகு.
கோடை முழுக்க நீருக்குள் இருக்கும்
சிவப்புப் பூச்சு மேலே வந்து
காற்றில் ஈரமாய் நின்றது.
கால்நடை மருத்துவர் நான்.
ஈன்ற உடல்கள் இப்படித்தான்
திடுக்கென்று லேசாகும்.

குஸ்தாவித் துறையில் செப்டம்பர் குளிர்.
கலெர்வோ எஞ்சினைச் சுற்றி வந்தான்,
வாங்க நினைக்காத மாட்டைச் சுற்றுவதுபோல்.
"நானூற்று முப்பது கிலோ. பாதி துரு."
அல்லிக்கு நாற்பத்தைந்து வயது.
ஆழம் முங்கும் கடல்வாத்தின் பெயர் அது, எங்கள் மொழியில்.
ஓடு இன்னும் கெட்டி.
உள்ளேதான் ஒன்றுமில்லை இப்போது,
எண்ணெய்க் கறையும் ஒரு ஸ்பானரும் தவிர.

கொட்டகை மேசையில் விலைத்தாள்கள்.
மறுபடி உள்ளேயே டீசல் வைக்கலாம்:
கனம் தாழ்ந்து நிற்கும், அலையில் படகு பதறாது,
அந்த விலைக்கு இன்னொரு படகு வரும்.
மின்மோட்டார் என்றால் சத்தமே இல்லை,
ஆட்டுத்தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்,
திரும்பி வர அங்கே பிளக் கிடையாது,
ஆடுகள் உண்டு.
பின்பலகையில் தொங்கவிடும் பெட்ரோல் எஞ்சின்:
பாறை வந்தால் தூக்கிக்கொள்ளலாம்,
கெட்டால் கழற்றி எறியலாம்.
சரி, தொங்கட்டும்.
எத்தனை குதிரை?

அறுபதா நூற்றைம்பதா என்பதற்கு நடுவே
என் ஐந்து மாதச் சம்பளம் கிடந்தது.
கலெர்வோ என் பயணக் குறிப்பேட்டை இழுத்தான்.
பதினோரு வருடம், நனைந்து உப்பிய தாள்.
பென்சில் நுனியால் எண்ணினான், உதடு அசைய.

"இருநூற்றுப் பன்னிரண்டு பயணம்.
முழு விசையில் போனது ஒன்பதே ஒன்பது.
அதில் ஆறு தடவை
நீ போகுமுன்பே எல்லாம் முடிந்திருக்கிறது."

உண்மைதான்.
இரண்டில் ஆடு தானாக ஈன்று
குட்டியை நக்கிக்கொண்டிருந்தது,
என்னை ஏன் வந்தாய் என்பதுபோல் பார்த்தது.
நான்கில் விறைத்துக் கிடந்தது.
ஆட்டுக்காரி இர்யா ஒன்றும் பேசாமல்
காப்பி ஊற்றித் தந்தாள், ஒவ்வொரு முறையும்
அதே விளிம்பு உடைந்த கோப்பையில்.

"ஆக, வேகம் எதையும் மாற்றவில்லை.
அறுபது தாராளம்."
கணக்கில் பிசகுகிற ஆள் இல்லை கலெர்வோ.
எனக்கும் பணம் மிச்சம்.

பக்கத்தை நானே புரட்டினேன்.

மீதி மூன்றில் ஒன்று,
குறுக்கே கிடந்த குட்டி. முழங்கை வரை என் கை உள்ளே.
இன்று அதன் காதில் நாற்பத்தொன்று என்ற வில்லை.
இன்னொன்று, எலிமருந்து தின்ற நாய்;
பிழைத்தது, என் காலணி பிழைக்கவில்லை.
மூன்றாவதில், விலங்கு என்ற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும்.
ஏப்ரல் பத்தொன்பது. மூடுபனி. பனிக்கட்டிகள் மிதந்தன.
மைரே. துறைக்கு முப்பத்தெட்டு நிமிடம்.
ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

அவன் மனைவியின் பெயரை
என் கோணல் கையெழுத்தில் அவன் பார்த்ததில்லை.
முப்பத்தெட்டை அறுபது குதிரைக்கு
மனசுக்குள் மாற்றிப் போட்டிருப்பான்;
சொன்னேனே, கணக்கில் பிசகாதவன்.
பென்சில் காதுக்குப் போயிற்று.
வெளியே ஆறு வயதுக்காரி ஒருத்தி
இறக்கி வைத்த எஞ்சின்மேல் ஏறி நின்று
கிரேன் ஓட்டுபவரிடம் வாயாடிக்கொண்டிருந்தாள்.
இறங்கு, எண்ணெய் பிசுக்கு என்று
யாரும் சொல்லவில்லை.

"அப்படியென்றால்," தொண்டையைச் செருமினான்,
"பின்பலகை தாங்காது. இன்னும் ஓர் அடுக்கு ஒட்டணும்."
மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தான்.
நானும் போனேன்.
மேலே தட்டினால் ணங்.
கொஞ்சம் கீழே, ணங்.
இடது ஓரம், பழைய ஆணித்துளைக்கு அடியில்
தொப்.
பழக்கதோஷம், என் கை
கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடிற்று.
"மறுபடி தட்டு" என்றேன்.