ஈரத்துக்கு இரண்டு

பந்தலூரில் ஜூலை மாதம்
வானம் என்று தனியாக ஒன்று கிடையாது.
தகரக் கொட்டகையில் மூன்று மணி நிறுவை.
கொக்கி ஆடும். நான்
காப்பியிங் பென்சிலை நாக்கில் நனைத்து
எண் எழுதுவேன்.
நாக்கு ஊதா. விரல் ஊதா.
ஏழாம் டிவிஷன் செக்ரோலில்
சாரல் பட்ட இடமெல்லாம் ஊதா மேகம்.

பத்தொன்பது என்றது முள்.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
பதினாறு என்றது என் கை.
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவரின்
பழைய பக்கங்களைப் புரட்டித்தான் பிடித்துக்கொண்டேன்.
மார்ச் மாதத்தில் ஈரமே இல்லை;
ஈரத்துக்கு இரண்டு மட்டும் இருந்தது.

களிமண்ணில் முதல் ஆள் கீறியது
நிலாவைப் பற்றி அல்லவாம், எங்கோ படித்தேன்.
இத்தனை ஆடு.
இத்தனை மரக்கால் வாற்கோதுமை.
இன்னார் இன்னும் தர வேண்டியது.
பாட்டு, பல நூறு வருஷம் கழித்து,
கணக்கன் வீட்டுப் பின்வாசல் வழியாக
நனைந்துகொண்டு வந்து சேர்ந்தது.

பெருமாயிக்கு இது படிக்காமலே தெரியும்.
அட்டன் பக்கத்தில் ஏதோ ஒரு ஆபீஸில்
யாரோ ஒரு கிளார்க்கு, என்னைப் போல ஒருவன்,
அவள் பெயருக்கு நேரே ஒரு நாட்டையும்
அக்காள் பெயருக்கு நேரே இன்னொன்றையும்
டிக் போட்டான்.
இவள் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து,
இந்தக் குளிருக்கு வந்தாள்.
அக்காள் அங்கேயே கொழுந்து கிள்ளுகிறாள்.
ஒரே செடி.
நடுவில் ஒரு டிக், கொஞ்சம் கடல்.

அவள் சோற்றுத் தூக்கின் பக்கவாட்டில்
ஆணியால் கீறியிருந்ததை
முதலில் நசுங்கல் என்றே நினைத்தேன்.
ஐந்து கிலோவுக்கு ஒரு கோடு,
மிச்சத்துக்குப் புள்ளி.
வரிசையின் தலையில் ஒரு கொக்கி;
தராசு என்று எடுத்துக்கொண்டேன்.
கடைசியில் தினமும்
வாய் திறந்த ஒரு முக்கோணம்,
அதற்குள் மூன்று குத்து.
கழித்ததற்கு ஓர் எழுத்து!
எந்த அரிச்சுவடியிலும் இல்லாதது,
எங்கள் கொட்டகைக்கு மட்டும் தேவைப்பட்டது.

சம்பள நாளில் தூக்கைத்
துரையின் மேசைமேல் வைத்தாள்.
துரை அதைப் பார்த்தார். செக்ரோலைப் பார்த்தார்.
"என்ன கிறுக்கல் இது?"
அடியில் ஒட்டியிருந்த ரசம் ஒரு சொட்டு
அவர் பைலில் வட்டமாக இறங்கியது.
காகிதம் ஜெயித்தது.
அதற்கு ரூல் போட்டிருக்கிறது,
சீல் குத்தியிருக்கிறது, வேறென்ன வேண்டும்?

ஆனால் அடுத்த வாரம்
தங்கலெட்சுமி தூக்கிலும் அதே முக்கோணம்.
மாரிக்கண்ணுவின் கூடைப் பட்டையில்.
செபஸ்தியாயி வீட்டு அடுப்புச் சுவரில், கரியால்.
ஒருத்தி கீறினால் அது கீறல்.
இன்னொருத்தி அதைப் படித்துவிட்டால்
நான் என்ன செய்வது?
பதினொரு பேர் சுற்றி நின்று
முள்ளைப் பார்க்கவில்லை,
பென்சில் நுனியைப் பார்த்தார்கள்.

பதினெட்டு என்றது முள்.
என் நாக்கு உலர்ந்துபோய்
பென்சிலில் ஊதாவே ஏறவில்லை.
பதினேழு என்று எழுதினேன்.
சாக்கு நிஜமாகவே இருந்தது.
வீரமெல்லாம் ஒன்றுமில்லை;
படிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் எழுதினேன்,
அவ்வளவுதான்.

செப்டம்பரில் என்னைச் சேரம்பாடிக்கு மாற்றினார்கள்.
சுத்தமான டைப், ஒரு பிழை இல்லை.
கிளம்பும் அன்று பைப்படியில் பெருமாயியைக் கேட்டேன்:
தினமும் முதலில் போடுகிறாயே அந்தக் கொக்கி,
அது தராசுதானே?

தூக்கைச் சாம்பல் போட்டு
விளக்கிக்கொண்டிருந்தாள்,
கோடுகள் இருந்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு.

"தராசு இல்லீங்க," என்றாள்.
"அது நீங்க."